கீழ குறுகல், மேல அகலம்: 1942ல தச்ச ஒரு போர்வையும் எங்க வீட்டுக் காக்கிச் சட்டையும்

வாஷிங்டன்ல நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்ல ஒரு போர்வை இருக்கு. நீளம் 90 இன்ச், அகலம் 69 இன்ச், நம்ம கணக்குல ஏழரை அடிக்கு ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. பருத்தித் துணி, கார்டுராய்ங்குற வரிவரியான தடிச்ச துணி, சாக்குத் துணி, இவ்வளவுதான் அதுல இருக்கு. 1942ல அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்ங்குற ஊர்ல மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா தச்சது. வீட்டுக்காரர் எறந்தப்புறம் அவரு வேலைக்குப் போட்ட துணியெல்லாம் எடுத்து, பிரிச்சு, நீள நீளமா வெட்டி ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தச்சாங்க. இந்த ஒரு போர்வையப் பத்தித்தான் இங்க எழுதப்போறேன். எங்க தாத்தா போனதுக்கப்புறம் நானும் அவரு சட்டைய வச்சு ஒண்ணு தைக்க உக்காந்தேன், அப்ப இதத் தேடித்தேடிப் படிச்சேன், படிச்சப்ப புரியாத ஒரு விஷயம் கையில கத்திரிக்கோல் எடுத்தப்புறம்தான் புரிஞ்சுது. அதையும் சேத்தே சொல்றேன்.

மொதல்ல அந்த ஊரு. அலபாமா ஆறு ஒரு எடத்துல வளைஞ்சு போகுது, மூணு பக்கமும் தண்ணி, நடுவுல மாட்டுன மாதிரி ஊரு. 1816ல ஜோசப் கீன்னு ஒருத்தர் வந்து அங்க பருத்தித் தோட்டம் போட்டாரு, அதான் கீஸ் பெண்ட், கீயோட வளைவு. அப்புறம் 1840கள்ல கடனுக்கு ஈடா அந்தத் தோட்டம் மார்க் பெட்வேங்குற சொந்தக்காரர் கைக்குப் போச்சு, அவரு வட கரோலினால இருந்து சுமார் நூறு அடிமைகள நடக்க வச்சே கூட்டிட்டு வந்தாரு. நடக்க வச்சேன்னா மாநிலம் தாண்டி மாநிலம், காலால. அந்த சனங்களோட வம்சத்துல வந்தவங்கதான் இன்னைக்கும் அங்க இருக்காங்க, நெறையப் பேரோட பேருக்குப் பின்னாடி பெட்வேதான், ரத்த சொந்தம் இல்லாதவங்களுக்கும் அதே பேரு, ஏன்னா அது முதலாளியோட பேரு.

அடிமைத்தனம் சட்டப்படி போனாலும் நெலம் இவங்க கைக்கு வரல, வெளைச்சல்ல பங்கு குடுக்குற வாரத்துக்கு எடுத்து உழுதாங்க. விதைக்கு, உரத்துக்கு, மாவுக்குன்னு வருஷம் பூரா கடனுக்கு வாங்கி பருத்தி எடுத்ததும் அடைக்கிறது. முப்பதுகள்ல பருத்தி வெல விழுந்துச்சு. 1932ல இவங்களுக்குக் கடன் குடுத்த வியாபாரி எறந்து போக, அவரு பொண்டாட்டி ஆள் அனுப்பி சுமார் அறுபது குடும்பத்துல இருந்த மாடு, கோழி, ஏரு, கலப்பை, சோளம்னு கண்ணுல பட்டதையெல்லாம் வண்டில ஏத்திட்டுப் போயிட்டாங்க. அந்தக் குளிர்காலத்துல செஞ்சிலுவைச் சங்கம் அனுப்புன சாப்பாடு இல்லன்னா ஊரே போயிருக்கும். ஜப்தின்னா என்னன்னு தெரிஞ்ச குடும்பத்துல பொறந்தவங்களுக்கு இத விளக்கத் தேவையில்ல.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அந்த ஊர்ல போர்வை பொழுதுபோக்குக்குத் தைக்கல. மரப்பலகை வீடு, இடுக்கு வழியா காத்து வரும், செவுத்துல நியூஸ்பேப்பர் ஒட்டி அடைப்பாங்க. 1937ல அரசாங்கத்துக்காக ஆர்தர் ராத்ஸ்டைன் அங்க போயி எடுத்த போட்டோக்கள் இன்னைக்கும் பாக்கக் கெடைக்குது, செவுரு முழுக்க பேப்பர் ஒட்டியிருக்கும். அதுல ஒரு போட்டோவுல ஜோரினா பெட்வேங்குற அம்மா போர்வை தைக்கிறாங்க, பக்கத்துல ரெண்டு பொண்ணுங்க. நான் அந்த போட்டோவ ரொம்ப நேரம் பாத்திருக்கேன். எங்க அம்மாச்சி தைக்கும்போது பக்கத்துல நான் இருந்த எடம் அது.

இப்ப போர்வை எப்படி உருவாகுதுன்னு சொல்லிர்றேன். மேல் அடுக்கு, அதுதான் துண்டுத்துணிய சேத்துத் தைக்கிற பக்கம். நடுவுல பஞ்சு, பருத்திக்கொட்ட பிரிக்கிற அறவை மில்லு தரையில கூட்டிப்போட்ட பஞ்சக்கூடப் பொறுக்கிட்டு வந்து அடிச்சு ஒதறிப் போடுவாங்க. அடியில மாவுச்சாக்கு, சக்கரச்சாக்குன்னு எது இருக்கோ அது. மேல் அடுக்க ஒவ்வொருத்தங்களும் தனியா அவங்கவங்க வீட்டுல அவங்க இஷ்டத்துக்குச் சேப்பாங்க, அப்புறம் மூணு அடுக்கையும் மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி நாலஞ்சு பேரு சுத்தி உக்காந்து ஓட்டுத்தையல் போடுவாங்க, பாட்டு, பிரார்த்தனை, ஊர்க்கதை எல்லாம் அங்கதான். புள்ளைங்களுக்கு மொத வேலை ஊசில நூல் கோத்துக் குடுக்குறது. அஞ்சு ஆறு வயசுல அப்படித்தான் ஆரம்பிச்சோம்னு அந்த ஊரு பொம்பளைங்க சொல்லியிருக்காங்க.

நூல் கோக்குறது எனக்கும் மொத வேலை. சின்னாளபட்டிக்குப் பக்கத்துல அம்மாச்சி வீடு, முழுப்பரிட்ச லீவு ரெண்டு மாசமும் அங்கதான். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் அம்மாச்சி திண்ணைல பழைய சுங்குடிச் சேலைய விரிச்சிருவாங்க. சேலை அஞ்சரை மீட்டர், அத மூணா மடிச்சா ஆறடி நீளம், அகலம் நாலடிக்குக் கொஞ்சம் கம்மி, படுக்குற ஆளுக்கு அளவெடுத்த மாதிரி வரும். ரெண்டு சேலைன்னா ஆறு அடுக்கு. நடுவுல தாத்தாவோட நாலு முழ வேட்டி, அது மடிக்காமலே ஆறடி, கத்திரியே வைக்க வேண்டாம், அப்படியே விரிச்சுப் போட்டா போதும். பஞ்சு கிடையாது. மூலைக்கு மூலை செங்கல்ல வச்சுக்கிட்டு ஓரத்துல இருந்து உள்ள உள்ளன்னு நூல் ஓட்டிக்கிட்டே போவாங்க. கண்ணு மங்கிருச்சு, "கண்ணு, இந்த ஊசிக்கு நூலக் கோத்துக் குடுடா"ன்னு ஒரு ஊசி முடியறதுக்குள்ள அடுத்தத நீட்டுவாங்க, நான் நூலோட நுனிய எச்சி தொட்டு முறுக்கிக் கோத்து நாலஞ்சு ஊசிய முன்கூட்டியே தலையாணில குத்தி வச்சிருப்பேன். ராத்திரி மொட்டமாடில அந்தப் போர்வைய போத்துனா வெயில்ல காஞ்ச வாசன, கொஞ்சம் வேப்பெண்ணெய் வாசன, அதுக்கடியில அம்மாச்சி வாசன. இதே மாதிரி பழைய சேலைல தைக்கிற பழக்கம் வங்காளத்துல காந்தான்னு இருக்கு, மராட்டியத்துல கோதடின்னு இருக்கு. எங்க வீட்டுல தனிப்பேரெல்லாம் கெடையாது, சேலப் போர்வை, அவ்வளவுதான்.

சரி, மிசௌரி பெட்வே போர்வைக்கு வர்றேன். இது எப்படித் தச்சதுன்னு நமக்குத் தெரியிறதே அவங்க மக ஆர்லோன்ஸியா பெட்வே சொல்லி வச்சதாலதான். அப்பா எட்டு மாசமா சீக்கா கெடந்து போயிட்டாரு, எனக்கு அப்ப பதினேழு பதினெட்டு வயசு இருக்கும்னு சொல்றாங்க. அம்மா சொன்னாங்களாம், "இவரு வேலைத்துணிய எடுத்து ஒரு போர்வையா ஆக்கப்போறேன், அவர நெனச்சுக்க, அன்புக்கு அதுக்கடியில போத்திக்க." அன்புக்குப் போத்திக்க. இத மொதத் தடவ படிச்சப்ப அடுத்த வரிக்குப் போக முடியல. எடுத்து வச்சுக்கிறேன்னு அவங்க சொல்லல, பெட்டில பூட்டி வைக்கிறேன்னு சொல்லல. தெனம் ராத்திரி போத்திக்கிட்டுப் படுக்கப் போறேன்னு சொல்றாங்க. போத்துனா தேயும், கறை படும், தொவைக்கணும், நஞ்சு போகும், இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாததா.

ஆனா நான் நிக்கிற எடம் அதுக்கு அடுத்த பேச்சு. ஆர்லோன்ஸியா தொடந்து சொல்றாங்க: பழைய பேன்ட் காலு, சட்ட வாலு, அவருக்குன்னு இருந்த துணி எல்லாத்தையும் எடுத்தோம், அந்தப் போர்வைக்குச் சரியா இருந்துச்சு, கிழிக்கிறதுக்கு நானும் கூட ஒத்தாச பண்ணேன், பேன்ட்டுக்கு கீழ குறுகல், மேல அகலம், அதனால மேல இருக்குறத வெட்டி எடுத்து சமமான பட்டையா ஆக்கச் சொன்னாங்க அம்மா.

கீழ குறுகல் மேல அகலம். அப்பா எறந்து போயிருக்காரு, வயசுப் பொண்ணு உக்காந்து அவரு பேன்ட்ட தையல் பிரிச்சு கால் வடிவத்த வெட்டி வெட்டி நேர்ப்பட்டையா ஆக்குது. அத்தனை வருஷம் கழிச்சு ஞாபகத்துல நின்னது அந்த அளவு. படிச்சப்ப இத ஒரு தொழில் விவரமா மட்டும்தான் எடுத்துக்கிட்டேன்.

எங்க தாத்தா மின்சார வாரியத்துல லைன்மேன். ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆகியும் தோட்ட வேலைக்கு அந்தக் காக்கிச் சட்டையத்தான் போடுவாரு. ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டாரு. எங்க பக்கம் போனவங்க துணிய வீட்டுல வச்சுக்க மாட்டாங்க, பதினாறு முடிஞ்ச கையோட வேட்டி, சட்டை, துண்டுன்னு எல்லாத்தையும் குடுத்தாச்சு. பின்கட்டு ஷெட்டுல மம்பட்டி, கடப்பாறையோட ஆணில தொங்கிட்டிருந்த நாலு காக்கிச் சட்டை மட்டும் யாரு கண்ணுலயும் படல. மூணு மாசம் கழிச்சு நான் தான் பாத்தேன். அத்தை பாத்துட்டு "வேண்டாம்மா, எறந்தவங்க துணிய வச்சுக்கக் கூடாது, குடுத்துரு"ன்னாங்க. தப்பா சொல்லல அவங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச மொறை அது. அம்மா ஒண்ணும் சொல்லாம ஒரு சட்டைய எடுத்து மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்பத்தான் "அம்மா, இத போர்வையா தச்சுருவோமா"ன்னு கேட்டேன். "தை"ன்னாங்க.

அம்மாச்சி மாதிரி விரிச்சுப் போட்டு தச்சுரலாம்னு நெனச்சேன், அங்கதான் மாட்டுனேன். சேலையும் வேட்டியும் தைக்காத துணி. ஒடம்பு போனாலும் துணி மறுபடி நீளத்துணியாவே இருக்கும், மடிச்சா சேலை, விரிச்சா போர்வை. சட்டை அப்படி இல்ல. தோள்பட்டைக்கு வளைவு, கைக்கு வளைவு, கழுத்துக்கு வளைவு, விரிச்சாலும் ஒரு ஆளு குப்புறப் படுத்த மாதிரிதான் கெடக்குது. தட்டையாக்கணும்னா தையல் பிரிக்கணும், பிரிச்சு வளைவ வெட்டணும், வெட்டுனா அந்த ஆளோட வடிவம் போயிரும். முதல் வாரம் முழுக்க என்னால கத்திரி வைக்க முடியல. கீழ குறுகல் மேல அகலம்னா என்னன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கால் உள்ள போன வடிவம் அது. மிசௌரி அம்மா மகள கூட உக்கார வச்சது தனியா செய்ய முடியாததாலயும் இருந்திருக்கும்னு இப்ப எனக்குத் தோணுது.

நானும் அம்மாவக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பிளேடு எடுத்துக்கிட்டு ஹால்ல டியூப்லைட்டுக்கு அடியில பிரிக்க உக்காந்தோம். ரெண்டு சாயங்காலம் ஆச்சு. அம்மா அவங்கப்பாவப் பத்திப் பேசவே மாட்டாங்க, காரியத்தன்னைக்குக்கூட எல்லாருக்கும் காப்பி குடுத்துக்கிட்டே இருந்தாங்க. பிரிக்க ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல பேச ஆரம்பிச்சிட்டாங்க. புயல் அடிச்ச ராத்திரி ஒண்ணுல தாத்தா கம்பத்துல ஏறிட்டு விடியக்காலைல வந்தது, வாசல்லயே சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அப்படியே படுத்தது, அம்மாவும் சித்தியும் அந்த ஈரச்சட்டைய ரெண்டு பக்கம் புடிச்சு முறுக்குனது. கை வேலையா இருக்கும்போது, கண்ணு தையல்ல இருக்கும்போது வாய் தானா தொறக்குது. மொகத்துக்கு மொகம் பாத்து உக்காந்திருந்தா இதுல ஒண்ணுகூட வந்திருக்காது.

மொதச் சட்டையோட பாக்கெட்ட நான் பிரிச்சேன். டெஸ்டர், பீடிக்கட்டு, அப்புறம் கடைசிக் காலத்துல மாத்திரை, எல்லாம் இருந்த பாக்கெட். பிரிச்சு எடுத்ததும் அதுக்கடியில உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம், கடைல இருந்து வந்த அன்னைக்கு இருந்த அதே காக்கி. சுத்தி எல்லாம் வெயில்ல வெளுத்து மண்ணு நெறத்துக்கு வந்துருச்சு, அந்தச் சதுரம் மட்டும் கரும்பச்சை கலந்த மாதிரி திண்ணுன்னு இருந்துச்சு. நாலு ஓரத்துலயும் ஊசி போன ஓட்டை வரிசை. கீஸ் பெண்ட்ல வேலைத்துணில தச்ச போர்வைகள்ல இதே அடையாளம் தெரியும்னு படிச்சிருந்தேன், பாக்கெட் இருந்த எடம் அடர் நீலமா, முட்டி இருந்த எடம் வெளுத்துப்போயி. அத அழகு வேலைப்பாடுன்னு நெனச்சுப் படிச்சவ நான். விரல் வச்சுத் தடவிப் பாத்தா வெளுத்த எடமும் வெளுக்காத எடமும் வேற வேற துணி மாதிரி இருக்கு. அம்மா வாங்கிப் பாத்துட்டு "இத வெட்டிறாத"ன்னாங்க.

நாலு சட்டை எங்களுக்குப் பத்தல. மிசௌரி அம்மாவுக்கு அவரோட துணி எல்லாம் சேந்து ஒரு போர்வைக்குச் சரியா இருந்துச்சுன்னா, ஒரு மனுசனுக்கு மொத்தமா அவ்வளவுதான் துணி இருந்திருக்கு, அதையும் யோசிக்கணும். நாங்க மீதிக்கு அம்மாச்சியோட சுங்குடிச் சேலை ஒண்ண ஊடுபட்டையா வச்சோம். அடித்துணிக்கு மட்டும் கடைல புதுசா காடாத்துணி வாங்கினேன், அது நான் பண்ணுன தப்பு. புதுக் காடாவ தண்ணில போட்டு எடுக்காம அப்படியே வச்சுத் தச்சுட்டேன். மொத தடவ தொவைச்சதும் அது சுருங்கிருச்சு, மேல இருக்குற பழைய துணி ஏற்கனவே நூறு தடவ தண்ணி பாத்தது, அது சுருங்கல, போர்வை முழுக்க சுருக்கம் சுருக்கமா எழும்பி நிக்குது. முழுசா பிரிச்சு அடித்துணிய மாத்துனேன், இந்தத் தடவ பழைய வேட்டி. அம்மாச்சியும் சரி, கீஸ் பெண்ட் பொம்பளைங்களும் சரி, பழசோட பழசத்தான் சேத்திருக்காங்க. வேற வழியில்லாம செஞ்சதுதான், ஆனா துணியோட குணத்துக்கும் அதான் சரி. தைக்கப்போறவங்க புதுத்துணி சேக்குறதா இருந்தா ஒரு ராத்திரி ஊறப்போட்டு காயவச்சு அப்புறம் வெட்டுங்க.

கீஸ் பெண்ட்டுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கறத வேகமா சொல்லிர்றேன். 1962ல அந்த ஊரு சனங்க ஓட்டுரிமைக்குப் பதிய ஆத்தத் தாண்டி கேம்டன்ங்குற ஊருக்குப் போக ஆரம்பிச்சதும் படகு நின்னு போச்சு, நெறைய மைல் சுத்திப் போகணும், அந்தப் படகு திரும்ப வந்தது 2006ல. 1965ல மார்ட்டின் லூதர் கிங் அங்க வந்து பேசியிருக்காரு. 1966ல ஃப்ரீடம் க்வில்டிங் பீன்னு அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க கூட்டுறவு ஆரம்பிச்சு போர்வை தச்சு வித்தாங்க. 2002ல ஹூஸ்டன் மியூசியத்துல கண்காட்சி, அங்கருந்து நியூயார்க், மத்தீஸ், க்ளீங்குற பெரிய ஓவியர்களோட படங்களோட ஒப்பிட்டு விமர்சனம் வந்துச்சு. 2006ல பத்து போர்வைய தபால்தலையா போட்டாங்க. இதெல்லாம் அவங்களுக்குக் கெடைக்க வேண்டிய மரியாதைதான், இன்னும் முன்னாடியே கெடச்சிருக்கணும். ஆனா செவுத்துல மாட்டி வச்ச போர்வையப் பாத்து நெறம், கோடு, வடிவம்னு பேசும்போது அத மூணு பங்குல ஒரு பங்குதான் பாக்குறோம்னு நான் நெனைக்கிறேன். போத்துனது ஒரு பங்கு. அம்மாவும் மகளும் உக்காந்து பிரிச்சது இன்னொரு பங்கு, அந்தப் பங்கு எந்த மியூசியத்துலயும் தெரியாது, ஆர்லோன்ஸியா வாய் தொறந்து சொல்லலன்னா உலகத்துக்கே தெரிஞ்சிருக்காது. அவங்க 2008ல காலமானாங்க. அதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் கேட்டுப் பதிஞ்சு வச்சது எவ்வளவு பெரிய காரியம்.

இதனால எங்கிட்ட யாராவது பழைய துணில போர்வை தச்சுத் தர்ற ஆளு தெரியுமான்னு கேட்டா, தைக்க ஆளு கெடைப்பாங்க, மிஷின்ல ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்துருவாங்க, பிரிக்கிறத மட்டும் நீங்களே பிரிங்கன்னு சொல்றேன். வீட்டுல யாரு ரொம்ப அமைதியா இருக்காங்களோ அவங்கள பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. பிளேடு வேண்டாம்னா தையல் பிரிக்கிற ஊசின்னு கடைல கேட்டா குடுப்பாங்க.

எங்க போர்வைல பாக்கெட் சதுரத்த வெட்டாம முழுசா ஒரு ஓரத்துல வச்சுத் தச்சிருக்கேன். அம்மாதான் இப்ப அதப் போத்திக்கிறாங்க. காலைல எந்திரிச்சு நான் மடிச்சு வச்சா எந்தப் பக்கம் மேல வருதுன்னு பாக்க மாட்டேன், ராத்திரி அம்மா விரிக்கும்போது திருப்பித் திருப்பிப் பாத்து அந்தச் சதுரம் தலமாட்டுல வலது கைக்கு வர்ற மாதிரி போட்டுக்கிட்டுத்தான் லைட்ட அணைக்கச் சொல்றாங்க.